தனுஷ்கோடி ஸ்டேஷன்: பாம்பனில் பிரிந்த பாதை

தனுஷ்கோடி ரயிலைப் பற்றிப் பேசுகிற பெரும்பாலோர் ஒரு தவறோடுதான் தொடங்குகிறார்கள். மண்டபத்தில் இருந்து பாம்பன், பாம்பனில் இருந்து ராமேஸ்வரம், ராமேஸ்வரத்தைத் தாண்டித் தனுஷ்கோடி என்று ஒரே கோடாகப் பாதை போனதாக நினைக்கிறார்கள். இன்றைய சாலை அப்படிப் போவதால் வரும் மயக்கம் இது. ரயில் அப்படிப் போகவில்லை. பாலத்தைத் தாண்டியதும் பாம்பன் ஜங்ஷனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வடக்கே சுமார் 10 கி.மீ. போனது ராமேஸ்வரத்துக்கு. தென்கிழக்கே சுமார் 24 கி.மீ. போனது தனுஷ்கோடிக்கு. கொழும்புக் கப்பலைப் பிடிக்கச் சென்னையில் இருந்து வந்த போட் மெயில் ரயிலுக்கு ராமேஸ்வரம் ஊர் வழியில்கூடக் கிடையாது. இறங்கி வேறு வண்டி பிடிக்கிற கிளைப்பாதை அது.

ராமேஸ்வரத்தில் கோவில் இருந்தது, ஊர் இருந்தது, ஆண்டு முழுக்க யாத்ரீகர்கள் வந்தார்கள். தனுஷ்கோடியில் இருந்தது மணல் திட்டு. ஆனாலும் பெரிய வண்டி மணலுக்குத்தான் போனது. அந்த ஸ்டேஷன் ஊருக்காகக் கட்டப்பட்டதல்ல, கப்பலுக்காகக் கட்டப்பட்டது. அதன் ஐம்பது ஆண்டு வாழ்வையும், 1964 புயலில் அழிந்தபின் அது திரும்பக் கட்டப்படாமல் போனதையும் இந்த ஒன்றை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1914-க்கு முன் சென்னையில் இருந்து கொழும்பு போகிறவர் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கே கப்பல் ஏறி, ஓர் இரவு முழுக்கக் கடலில் கழிக்க வேண்டும். தூத்துக்குடிக்கு ரயில் 1870-களிலேயே வந்துவிட்டது. ஆனால் இந்தியாவும் இலங்கையும் மிக நெருங்குகிற இடம் தூத்துக்குடி அல்ல, தனுஷ்கோடி முனை. அங்கிருந்து தலைமன்னார் வரை கடல் சுமார் 35 கி.மீ. தான். மதுரையில் இருந்து மண்டபத்துக்கு 1902-இல் பாதை வந்தது. மிச்சம் இருந்த தடை பாம்பன் கால்வாய்.

அதன் மேல் கட்டிய பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கி.மீ.க்குச் சற்று அதிகம். தூண்களின் மேல் கிடத்திய 40 அடி இரும்பு உத்தரங்கள், அதாவது கர்டர்கள், 145. நடுவே கப்பல் போக வழிவிடும் தூக்குப் பகுதி ஒன்று. அமெரிக்காவின் ஷெர்சர் நிறுவன வடிவமைப்பு அது. இரு கைகளும் கரையை நோக்கி உருண்டபடியே மேலெழும். ஒவ்வொரு கையின் எடை 415 டன். மோட்டார் கிடையாது. இரு பக்கமும் ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றித்தான் திறந்தார்கள், நூற்றாண்டுக்கு மேல் அப்படியேதான் திறந்தார்கள். எடை சமன் செய்யப்பட்டிருந்ததால்தான் மனிதக் கையால் அது முடிந்தது.

பாலம் திறந்த அதே காலத்தில் மறுகரையில் இலங்கை அரசு ரயில்வே மதவாச்சியில் இருந்து தலைமன்னார் துறைக்குப் பாதை போட்டு முடித்திருந்தது. இடையில் இருந்த கடலுக்குத் தென்னிந்திய ரயில்வே மூன்று டர்பைன் கப்பல்களை வரவழைத்தது: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூன்றும் வைஸ்ராய்களின் பெயர்கள். பின்னாளில் அவற்றின் இடத்துக்கு இர்வினும் கோஷனும் வந்தன.

கடல் மேலேயே ரயில் பாதை போடும் யோசனையும் அந்தக் காலத்தில் இருந்தது. ராமர் பாலம் என்கிற ஆதம் பாலத்து மணல் திட்டுகளை அணைகட்டி இணைப்பது அந்தத் திட்டம். அது நடக்கவில்லை. இதைப் பேசுகிறவர்கள் பொதுவாக விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு. நடந்திருந்தாலும் சென்னைப் பெட்டி கொழும்புக்குப் போயிருக்காது. தனுஷ்கோடி வரை வந்தது மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ. தலைமன்னாரில் இருந்தது 5 அடி 6 அங்குல அகலப்பாதை, 1,676 மி.மீ. எப்படியும் ஏதோ ஒரு கரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடத்தும் முறையும் இதே காரணத்தால் இங்கே பொருந்தாது. ஆகவே தனுஷ்கோடியில் எல்லாமே ஆள்மாற்றம், சுமைமாற்றம். சென்னையிலேயே கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். அந்த ஒரு டிக்கெட்டுக்குள் ரயில், கப்பல், மறுபடி ரயில் என மூன்றும் அடங்கும்.

இப்படிப்பட்ட ஸ்டேஷனின் நேரம் ஊர் நேரமாக இருக்காது. ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்க வேண்டும். கப்பல் தாமதமானால் தலைமன்னாரில் கொழும்பு வண்டி காத்திருக்க வேண்டும். நடுவில் சுங்கச் சோதனை, மருத்துவச் சோதனை. அதனால்தான் ஓர் ஓலைக்குடிசை மீனவக் குப்பத்தின் பக்கத்தில் சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், துறைமுக அலுவலகம், மருத்துவமனை, ரயில்வே குடியிருப்பு, பள்ளி, தேவாலயம் என ஒரு சிறு நகரமே முளைத்தது. முளைத்த அத்தனையும் கப்பலை நம்பியவை.

எல்லாப் பயணிகளும் நேராக வந்து கப்பலேறிவிடவில்லை. இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். காலராவும் பிளேக்கும் தோட்டங்களுக்குப் பரவிவிடாமல் இருக்க அந்தத் தனிமைப்படுத்தல். அது முடிந்து சீட்டுக் கிடைத்த பிறகே பாலம், பாம்பன், தனுஷ்கோடி, கப்பல். போட் மெயிலின் முதல் வகுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம். அந்தத் தடத்தை வாழவைத்தது இந்தக் கூட்டம்தான் என்பதை எழுதுகிறவர்கள் குறைவு.

இனிப் பாதையைப் பார்ப்போம். ஒரு பக்கம் பாக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் முதலாவதைப் பெண்கடல் என்பார்கள், இரண்டாவதை ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும், ஆண்கடல் மோதிக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெண்கடலும் சீறும். இரண்டுக்கும் நடுவில் சில இடங்களில் கூப்பிடு தூரமே அகலமுள்ள மணலின் மேல் தண்டவாளம்.

மணலில் போட்ட பாதைக்குத் தொல்லை மூன்று வகையில் வரும். முதலாவது, ஜல்லி கீழே இறங்குவது. வண்டி ஓட ஓட ஜல்லிக்கல் மணலுக்குள் புதையும், மணல் மேலெழுந்து கல்லின் இடுக்குகளை நிரப்பும். அதன்பின் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு அடியில் பிடிப்புக் குறையும், பாதை ஒரு பக்கமாக அமுங்கும். இரண்டாவது, காற்று. ஆடிக்காற்றில் மணல் தண்டவாளத்தின் மேலேயே குவியும். சக்கரத்தின் உள்விளிம்பு ஓட வேண்டிய பள்ளம் மூடிக்கொண்டால் சக்கரம் மணல்மேல் ஏறித் தடம் புரளும். அதனால் மணல் வாருவது எப்போதாவது செய்கிற வேலை அல்ல, அன்றாட வேலை. மூன்றாவது, உப்பு. தண்டவாளத்தின் அடிப்பாகம் ஸ்லீப்பரில் உட்காரும் இடத்திலும், இரண்டு தண்டவாளங்களைச் சேர்க்கும் பிஷ்பிளேட்டின் அடியிலும் உப்பு ஈரம் தங்கும். மேலே தேய்மானமே இல்லாத தண்டவாளம் அடியில் அரித்துத் தாள்போல் ஆகியிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆணியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

நாலாவதாகத் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். நீராவி எஞ்சினுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. பாய்லரில் உப்பு ஏற ஏற நீர் நுரைத்துப் பொங்கும். நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டனும் சிலிண்டர் மூடியும் உடையும். குழாய்களில் உப்புப் படிந்தால் வெப்பம் கடக்காது, கரி வீணாகும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சின் திரும்பப் போக நல்ல தண்ணீர் கட்டாயம். தனுஷ்கோடி இடிபாடுகளில் ரயில்வேயின் தண்ணீர்த் தொட்டி தனித்துத் தெரிவதன் காரணம் இதுதான்.

கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர் ஏது என்றால், அங்கே உண்டு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, எடை கூடிய உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். மூன்று நாலு அடி தோண்டினால் ஊறுவது குடிக்கிற தண்ணீர். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஊறும். ஒரே குழியில் அதிகமாக இறைத்தாலும் உப்பு மேலேறும். இன்றும் அங்கே குடிசை போட்டிருக்கும் மீனவர்கள் ஆழமில்லாத ஊற்றுகளைப் பல இடங்களில் தோண்டி வைப்பதற்கு இதுவே காரணம்.

ஸ்டேஷனைக் கொன்றது புயல் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். பாதி உண்மை. அது மெலிந்துபோகத் தொடங்கியது 1948-இல். இலங்கை சுதந்திரம் பெற்றது, மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது, குடிவரவுச் சட்டங்கள் வந்தன. டிக்கெட் எடுத்து ஏறிப்போன இடத்துக்குக் கடவுச்சீட்டும் அனுமதியும் தேவைப்பட்டன.  1951-இல் தென்னிந்திய ரயில்வே தெற்கு ரயில்வேயில் சேர்ந்தபோது, பாதையும் கப்பலும் பெயரும் அப்படியே இருந்தன. ஆனால் இவை எல்லாம் எந்தக் கூட்டத்துக்காக உண்டாயினவோ அந்தக் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது.

1964 டிசம்பர் 17-ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானது. 19-ஆம் தேதி கடும் புயல். 22-ஆம் தேதி வவுனியா வழியே இலங்கையைக் கடந்து, அன்று இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கி.மீ. என்றும் கடல் 7 மீட்டர் உயரம் எழுந்ததென்றும் மதிப்பிட்டார்கள். திட்டின் உயரமோ சில அடிகள். அலை கரையில் மோதித் திரும்பவில்லை. ஒரு கடல் இன்னொரு கடலுக்குள் ஊரைத் தாண்டி ஓடியது.

இதில் ரயில் பாதையின் கரைக்கே ஒரு பலவீனம் உண்டு. மணலைக் குவித்து உயர்த்திய கரை, வெள்ளத்தின் குறுக்கே அணை மாதிரி நிற்கும். ஒரு பக்கம் நீர் ஏறி மேலே வழிந்ததும், விழுகிற பக்கம் அடிமண்ணை அரிக்கும். அரிப்பு உள்ளே வந்து தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்கவிடும். கருங்கல் பதித்த கரை சிறிது தாங்கும். வெறும் மணல் நிமிஷங்களில் போய்விடும்.

அன்று பாம்பனில் இருந்து வந்தது 653-ஆம் எண் பாசஞ்சர். ஆறு பெட்டிகள், 110 பயணிகள், 5 ஊழியர்கள். இரவு 11.55 மணிக்கு ஸ்டேஷனுக்குச் சில நூறு கெஜம் முன்னால் அலை அதை விழுங்கியது. யாரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் வந்தவர்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் இருநூறை நெருங்கும் என்பார்கள். புயலில் மொத்தம் இறந்தவர்கள் சுமார் 1,800.

கைகாட்டி (சிக்னல்) இறங்கவில்லை, டிரைவர் காத்திருந்து பார்த்தார், ஊதிப் பார்த்தார், பிறகு துணிந்து வண்டியை எடுத்தார் என்று ஒரு கதை எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. கைகாட்டியைப் பற்றிய பகுதி நம்பக்கூடியது. பழைய கைகாட்டி, ஸ்டேஷனில் இருந்து வரும் கம்பியை இழுத்தால்தான் சாயும். கம்பி அறுந்தால் எதிரெடை கையைத் தானாக நில் என்ற நிலைக்கே கொண்டுவந்துவிடும். அதற்கு மேல் இருந்தது மண்ணெண்ணெய் விளக்கு, அந்தக் காற்றில் அது எரிந்திருக்காது. ஆனால் டிரைவர் என்ன நினைத்தார், எவ்வளவு நேரம் நின்றார், துணிந்தாரா அல்லது நின்ற இடத்திலேயே அலை வந்து அள்ளியதா என்பதைச் சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை. செத்தவர் தலையில் பழியை ஏற்றுவது சுலபம். எழுதுகிறவர்கள் அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் கதை ஒன்றும் குறைந்துவிடாது.

அதே இரவு பாம்பன் பாலமும் சிதைந்தது. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போயின. ஆனால் ஷெர்சர் தூக்குப் பகுதி அசையாமல் நின்றது, தூண்களும் பெருமளவு நின்றன. சீரமைக்க ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். அதை மூன்று மாதமாகச் சுருக்கினார்கள். பொறுப்பு ஏற்றிருந்த இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். புதிதாக வார்த்துக் கொண்டுவரக் காத்திருந்தால் முடிந்திருக்காது. கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீனவர்களின் உதவியோடு கண்டுபிடித்து, தூக்கி எடுத்து, மறுபடி தூண்கள் மேலேயே உட்கார வைத்தார்கள். அதுதான் அந்த 46 நாட்களின் ரகசியம்.

இரண்டு கி.மீ. கடல் பாலத்தை ஒன்றரை மாதத்தில் நிமிர்த்திய அதே ரயில்வேதான், 24 கி.மீ. தரைப்பாதையைத் தொடவே இல்லை. செலவோ திறமையோ இதற்குக் காரணம் அல்ல. பாலத்தில் கர்டர் போனாலும் தூண் இருந்தது. தனுஷ்கோடிப் பாதையில் பாதை உட்காரும் நிலமே இடம் மாறியிருந்தது. அரசு ஊரை மனிதர் வாழத் தகுதியற்றது என அறிவித்தது. ஊரும் துறையும் இல்லாத இடத்துக்கு ரயில் எதற்கு? கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். கிளைப்பாதையாக இருந்த 10 கி.மீ. முதன்மைப் பாதை ஆயிற்று. பாம்பன் ஜங்ஷன் சாதாரண ஸ்டேஷன் ஆயிற்று.

காலம் செய்த இன்னொரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். புயலுக்கு ஏழு வாரம் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று, இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று கணக்குப் போட்டார்கள். அந்த மக்கள் திரும்பி வரத் தொடங்கியபோது, அவர்களின் பாட்டன்மார் கப்பலேறிய ஸ்டேஷன் இல்லை. தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பதிவுக்கு மட்டும் பழைய இடம், மண்டபம் முகாம். 1983-க்குப் பிறகு ஈழ அகதிகள் வந்ததும் அதே முகாமுக்குத்தான்.

ராமேஸ்வரம் - தலைமன்னார் தடத்தில் கடைசியாக ஓடியது ராமானுஜம் கப்பல். 1980-களின் நடுவில், இலங்கையில் போர் மூண்ட சூழலில் அதுவும் நின்றது. தலைமன்னார்ப் பாதை 1990-இல் போரில் அழிந்தது. பிறகு இந்திய உதவியோடு மறுபடி போடப்பட்டு, 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார் வரை ரயில் ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கம் 2007-இல் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை ராமேஸ்வரம் வந்தது. 1914-இல் பொருந்தாத கேஜ் இப்போது இரண்டு கரையிலும் ஒன்றே, 1,676 மி.மீ. நடுவில் கப்பல்தான் இல்லை. சென்னையில் இருந்து ராமேஸ்வரம் போகும் ஒரு வண்டிக்கு இன்றும் போட் மெயில் என்றே பெயர்.

ஷெர்சர் பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி நின்றது. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதன் 72.5 மீட்டர் நடுப்பகுதி உருளாமல் செங்குத்தாக மேலேறும். ராமேஸ்வரம் - தனுஷ்கோடிப் புதுப்பாதைக்கு 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 17 கி.மீ., மதிப்பீடு 208 கோடி ரூபாய். பணி நகரவில்லை, மணல்மேட்டையும் கடலோரச் சூழலையும் காரணம் காட்டி எதிர்ப்பும் வந்தது. சரியான எதிர்ப்பு என்றே தோன்றுகிறது. 1914-இல் அந்த முனையில் ரயிலுக்கு ஒரு வேலை இருந்தது. இப்போதைய வேலை சுற்றுலாப் பயணியை இறக்கிவிடுவது மட்டும், அதைச் சாலையே செய்கிறது.

அந்தச் சாலை 2017 ஜூலையில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை திறக்கப்பட்டது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்தது, அப்புறம் மணலில் புரளும் வேன்தான். இப்போது ராமேஸ்வரத்தில் இருந்து பேருந்திலேயே போகலாம். பெரும்பாலோர் நேராக முனைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஐந்து நிமிடம் இடிபாடுகளில் இறங்குகிறார்கள். அதைத் திருப்பிச் செய்யுங்கள். காலையிலேயே பழைய தனுஷ்கோடியில் இறங்கிவிட்டால் வெயிலும் கூட்டமும் இருக்காது. மாலையில் வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

எல்லோரும் படம் எடுப்பது தேவாலயத்தை. பலிபீடச் சுவர் நிற்பதால் அது முழுமையாகத் தெரிகிறது. ஸ்டேஷனுக்கு மிஞ்சியது துண்டுச் சுவர், பலர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். தண்ணீர்த் தொட்டியை முதலில் கண்டுபிடியுங்கள். எஞ்சின் தண்ணீர் பிடித்த இடம் பாதைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஆகவே தண்டவாளம் போன திசையை அங்கிருந்து ஊகிக்கலாம். சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செங்கல்லுக்குப் பதில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் தெரியும். கடலில் எளிதாகக் கிடைத்தது, எடை குறைவு, வெட்டவும் லேசு. ஆனால் துளை நிறைந்த கல் என்பதால் உப்பு ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் காயும்போது உள்ளே உப்புப் பரல் விளைந்து கல்லைப் பொடியாக்கும். அலை விட்டுவைத்ததை இப்போது தின்றுகொண்டிருப்பது இந்த உப்புதான்.

உப்புக்கு அடுத்தபடியாகத் தின்பது கை. நினைவுக்கென்று சுவரில் இருந்து ஒரு கல்லைப் பெயர்த்துப் பையில் போடுகிறவர்கள் உண்டு. பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. கடைகளில் யாராவது பவளக் கல்லை நீட்டினாலும் வாங்காதீர்கள்.